காலையில் ரிப்போர்ட்டுகள் ஓடும்போதெல்லாம் செயலி திணறுகிறது: மோசமான குவெரிகளை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

காலைப்பணி எழுதியது:

வணக்கம். எங்கள் ஆர்டர் செயலிக்குப் பின்னால் இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அண்மையில்தான் என் பொறுப்புக்கு வந்தது. பதிப்பு 15. ஆர்டர் அட்டவணையில் சுமார் 4 கோடி பதிவுகள். வெளியிலிருந்து வரும் கோப்புகளை ஒரு தானியங்கி வேலை இரவில் மொத்தமாக ஏற்றுகிறது. காலையில் ரிப்போர்ட் குழு வேலையைத் தொடங்கியதும் செயலி திணறத் தொடங்கும். திரைகள் திறக்காது, சிபியு உச்சத்திலேயே நிற்கும். வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து தொலைபேசி அழைப்புகள் ஓயாது. பத்தரை மணிக்கு மேல் தானாகவே அடங்கிவிடும்.

குவெரிகளை, அதாவது தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளைகளை, எழுதுவது நான் அல்ல. பாதியைச் செயலியின் ஓஆர்எம் (நிரலிலிருந்து தானாகக் குவெரி எழுதும் கருவி) உருவாக்குகிறது. மீதி ரிப்போர்ட் குழுவினுடையவை; ஐந்தாறு அட்டவணைகளை இணைத்து இரண்டு பக்கத்துக்கு நீள்பவையும் அவற்றில் உண்டு. நிர்வாகமோ இரண்டு மடங்கு பெரிய செர்வர் வாங்கிவிடலாம் என்கிறது.

எல்லாரும் குறை சொல்லும் ஒரு ரிப்போர்ட்டை மட்டும் எடுத்து எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் (குவெரியை ஓட்டி, அதற்குத் தரவுத்தளம் தேர்ந்த திட்டத்தையும் ஆன நேரத்தையும் காட்டும் கட்டளை) ஓட்டிப் பார்த்தேன். நிலுவையில் உள்ள ஆர்டர்களை எடுத்து, அவற்றின் பொருள் விவரங்களோடு இணைக்கும் குவெரி அது. நெஸ்டட் லூப் (ஓர் அட்டவணையின் ஒவ்வொரு பதிவுக்கும் மற்றதில் தனித்தனியாகத் தேடும் முறை) என்று வருகிறது. ஆர்டர் அட்டவணையில் மதிப்பீடு 1 பதிவு, உண்மையில் வந்தது 3,80,000. உள்பக்கத்தில் இன்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் அகராதி போன்ற பட்டியல்) ஸ்கேன், நேரம் 0.45 மில்லி விநாடி, லூப்ஸ் (சுற்றுகள்) 3,80,000. இன்டெக்ஸ் பயன்படுகிறது, நேரமும் சிறியதாகத் தெரிகிறது. ஆனால் குவெரி முடியக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆகிறது.

எங்கிருந்து தொடங்குவது? ஒருவர் எழுதிய குவெரி மற்ற எல்லாரையும் முடக்காமல் தடுக்க வழி உண்டா? எழுதியவர்களிடம் இதை எப்படிப் பேசுவது?


வட்டுஓசை எழுதியது:

முதலில், செர்வர் வாங்கும் பேச்சைச் சிறிது காலம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அந்த நான்கு எண்களிலேயே விடை இருக்கிறது.

0.45 மில்லி விநாடி என்பது மொத்த நேரம் அல்ல, ஒரு சுற்றுக்கு ஆன சராசரி நேரம். லூப்ஸ் எண்ணால் பெருக்க வேண்டும். 3,80,000 சுற்றுகளுக்கு 1,71,000 மில்லி விநாடி, அதாவது 171 விநாடி. உங்கள் மூன்று நிமிடம் அங்கேதான் போகிறது. இன்டெக்ஸ் பயன்பட்டால் குவெரி வேகமானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. ஒரு பதிவைத் தேட இன்டெக்ஸ் அருமையான வழி. அதே வழியில் நான்கு லட்சம் முறை போய்வருவது வீண் அலைச்சல்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம்: மதிப்பீடு 1, உண்மை 3,80,000. எந்தத் திட்டத்தை வாசித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த இடைவெளியைத்தான். பத்து மடங்குக்கு மேல் விலகல் இருந்தால் அந்த வரியில் நின்றுவிடுவேன், அதற்கு மேலே உள்ள முடிவுகள் எல்லாம் அந்தத் தவறான எண்ணை நம்பி எடுக்கப்பட்டவை என்பதால்.

பிளானர், அதாவது குவெரியை ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி, ஏன் 1 என்று நினைத்தது? அனலைஸ் என்ற புள்ளிவிவரக் கட்டளை (நீங்கள் ஓட்டிய எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் வேறு) ஓடும்போது போஸ்ட்கிரெஸ் அட்டவணை முழுவதையும் படிப்பதில்லை. இயல்பு அமைப்பில் 30,000 பதிவுகளை மாதிரியாக எடுத்து, எந்த மதிப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று குறித்துவைத்துக்கொள்கிறது. கடைசியாக அது ஓடிய நேரத்தில் நிலுவை ஆர்டர்கள் எல்லாம் முடிக்கப்பட்டிருந்தால், அந்தக் குறிப்பில் 'நிலுவை' என்ற மதிப்பே இருக்காது. இல்லாத மதிப்பைக் கேட்டால் பிளானர் பூஜ்யம் என்று சொல்லாது, 1 என்று வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு பதிவுக்கு நெஸ்டட் லூப்தான் சரியான வழி. அதன் பிறகு இரவு வேலை 3,80,000 பதிவுகளைக் கொண்டுவந்து கொட்டியது பிளானருக்குத் தெரியாது.

பின்னணியில் தானாகப் பராமரிப்பு செய்யும் ஆட்டோவேக்யூம் இதைக் கவனித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தானாக அனலைஸ் ஓடுவதற்கு, அட்டவணையில் 10 சதவீதமும் அதோடு 50 பதிவுகளும் மாறியிருக்க வேண்டும் என்பது இயல்பு அமைப்பு. 4 கோடியில் 10 சதவீதம் 40 லட்சம். உங்கள் ஓர் இரவு வரவு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அட்டவணை சிறியதாக இருந்த காலத்தில் இந்த அமைப்பு பொருத்தமாகவே இருந்திருக்கும். வளர வளரப் பொருந்தாமல் போயிருக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டை எழுதியவர் மேல் இந்தக் குற்றத்தைச் சுமத்தாதீர்கள். அவர் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இரவு வேலையின் கடைசிப் படியாக அந்த அட்டவணைக்கு அனலைஸ் கட்டளையைச் சேருங்கள். அந்த அட்டவணைக்கு மட்டும் ஆட்டோவேக்யூம்_அனலைஸ்_ஸ்கேல்_ஃபேக்டரை (அந்த 10 சதவீதத்தைக் குறிக்கும் அமைப்பு) 0.005 ஆகக் குறைக்கலாம், அப்போது சுமார் 2 லட்சம் மாற்றங்களுக்கு ஒருமுறை ஓடும். ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். நிலுவை எல்லாம் தீர்ந்த மாலை நேரத்தில் அது ஓடினால் மறுநாள் காலை பழைய நிலைமைதான். ஏற்றி முடித்த கையோடு ஓடும் அனலைஸ்தான் உங்களுக்கு மருந்து.

இது ஒரு ரிப்போர்ட். உங்கள் செயலியை முடக்குவது இதுதானா என்பது இன்னும் தெரியாது. அதனால் அடுத்து பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ். ஷேர்ட்_ப்ரீலோட்_லைப்ரரீஸ் பட்டியலில் அதைச் சேர்த்து, செர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, பிறகு எக்ஸ்டென்ஷனை உருவாக்க வேண்டும். மதிப்புகள் மட்டும் மாறி வடிவம் ஒன்றாக இருக்கும் குவெரிகளை அது ஒரே கணக்கில் சேர்த்து, எத்தனை முறை ஓடின, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தன என்று சொல்லும். காலை நெரிசலுக்குச் சற்று முன் அதன் கணக்கைப் பூஜ்யமாக்குங்கள், பத்தரை மணிக்கு எடுத்துப் பாருங்கள்.

எதை வைத்து வரிசைப்படுத்துவது என்பதில் நான் பிடிவாதக்காரன். சராசரி நேரத்தை வைத்து அல்ல, மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒரு ரிப்போர்ட் 171 விநாடி எடுத்துக் காலையில் நான்கு முறை ஓடுகிறது என்றால் 684 விநாடி. ஓஆர்எம் உருவாக்கிய ஒரு குவெரி 3 மில்லி விநாடிதான் எடுக்கிறது, ஆனால் 40 லட்சம் முறை ஓடுகிறது என்றால் 12,000 விநாடி. மூன்று மணி நேரத்துக்கும் மேல். நீண்ட நேரம் எடுக்கும் குவெரிகளை மட்டும் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாகில் அந்த இரண்டாவது குவெரி ஒருபோதும் தலைகாட்டாது. எல்லாரும் ரிப்போர்ட் குழுவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், செர்வரைத் தின்பது வேறொன்றாக இருக்கும்.

அப்படி ஒன்று அகப்பட்டால் பெரும்பாலும் அது ஒரு சுற்றுக்குள் இருந்து அழைக்கப்படும் குவெரி: 200 ஆர்டர்களின் பட்டியலை ஒரு குவெரியில் எடுத்துவிட்டு, ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்பது. அதற்கு எந்த இன்டெக்ஸும் உதவாது. நிரலில்தான் மாற்ற வேண்டும். இணைத்து எடுக்கவோ, எண்களைத் திரட்டி ஒரே தடவையில் கேட்கவோ ஓஆர்எம்மிலேயே வழி இருக்கும்.

குவெரியை எழுதிய விதத்திலேயே பிழை இருக்கும் இடங்களும் உண்டு. நான் மிக அதிகமாகப் பார்ப்பது, புலத்தின் மேல் ஒரு சார்பை (ஃபங்ஷனை) ஏற்றுவது. உருவான நேரம் என்ற புலத்துக்கு இன்டெக்ஸ் இருக்கும். குவெரியிலோ அந்த நேரத்தைத் தேதியாக மாற்றி, இந்தத் தேதிக்குச் சமமா என்று கேட்டிருப்பார்கள். இன்டெக்ஸில் இருப்பது நேரம், கேட்பது தேதி. ஆகவே அந்த இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியாமல் ஒவ்வொரு பதிவாக மாற்றிப் பார்க்க நேர்கிறது. அன்றைய நள்ளிரவு முதல், மறுநாள் நள்ளிரவுக்கு முன் வரை என்று வரம்பாகக் கேட்டால் போதும், இன்டெக்ஸ் நேராகக் கைகொடுக்கும். பக்கம் பக்கமாகக் காட்டும் திரைகளில் ஆஃப்செட்டும் (முதல் இத்தனை பதிவுகளைத் தாண்டு என்று சொல்வது) இப்படித்தான். பக்கத்துக்கு 20 பதிவு வீதம் 5,000ஆம் பக்கம் கேட்டால், ஏறக்குறைய ஒரு லட்சம் பதிவுகளைப் படித்துத் தூக்கி எறிந்துவிட்டு 20ஐத் தருகிறது. கடைசியாகக் காட்டிய எண்ணுக்கு அடுத்து என்று கேட்பதே முறை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வழி உண்டு. ரிப்போர்ட்டுகளுக்குத் தனிப் பயனர் கணக்கு கொடுங்கள். அந்தக் கணக்குக்கு மட்டும் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் (ஒரு குவெரி ஓடக்கூடிய உச்ச நேரம்) வையுங்கள், எத்தனை இணைப்பு வரை திறக்கலாம் என்ற உச்சவரம்பும் வையுங்கள். ஐந்து நிமிட வரம்பில் தொடங்கிப் பிறகு குறைக்கலாம். மொத்த செர்வருக்கும் சேர்த்து இந்த வரம்பைப் போடாதீர்கள், இன்டெக்ஸ் கட்டுவது போன்ற நியாயமான நீண்ட வேலைகளும் அதில் அடிபடும். கூடவே ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட். பரிவர்த்தனையை (ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ரத்தாகும் கட்டளைத் தொகுப்பை) திறந்துவைத்துவிட்டு எழுந்துபோகிறவர்களால் பழைய பதிவுகளை, அதாவது திருத்தப்பட்ட அல்லது அழிக்கப்பட்ட பதிவுகளின் மிஞ்சிய வடிவங்களை, வேக்யூம் அகற்ற முடியாமல் போகலாம், பூட்டுகளும் நீளும்.

நெரிசல் நேரத்தில் ஒன்றை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் பிஜி_கேன்சல்_பேக்எண்ட். அது குவெரியை மட்டும் நிறுத்தும். கேட்காவிட்டால் பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட், அது இணைப்பையே துண்டிக்கும். இயங்குதளத்திலிருந்து அந்த ப்ராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்வதை மட்டும் யாரும் செய்யக்கூடாது. அப்படிச் செய்தால் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துக்கொண்டு மீட்பு நிலைக்குப் போய்த்தான் திரும்பும். ஒருவருக்காகச் செய்தது எல்லாரையும் வெளியே தள்ளிவிடும்.

இன்னொன்று. எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் உண்மையிலேயே குவெரியை ஓட்டும். திருத்தும் அல்லது அழிக்கும் கட்டளையைச் சோதிப்பதானால் பரிவர்த்தனைக்குள் வைத்து, முடிந்ததும் ரோல்பேக் செய்யுங்கள், அதாவது மாற்றங்களைத் திரும்பப் பெறுங்கள்.


அறிக்கைமேசை எழுதியது:

நான் அந்தப் பக்கத்தில் இருப்பவள். வேறு நிறுவனத்தில் ரிப்போர்ட் குவெரிகளை எழுதுவதே என் வேலை. மூன்றாவது கேள்விக்கு என் தரப்பிலிருந்து பதில் சொல்கிறேன்.

எங்களுக்குக் கொடுக்கப்படும் சோதனைத் தரவுத்தளத்தில் அட்டவணைக்கு ஆயிரம் பதிவுகள் இருக்கும். அதில் எதை எழுதினாலும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். அவ்வளவு சிறிய அட்டவணையில் இன்டெக்ஸ் இருந்தாலும் பிளானர் அதைத் தொடாது, முழுவதையும் படிப்பதே மலிவு என்று முடிவுசெய்யும். ஆக, அங்கே கிடைக்கும் திட்டத்துக்கும் உண்மையான செர்வரில் ஓடும் திட்டத்துக்கும் தொடர்பே இருக்காது. பிறகு ஒரு நாள் 'உங்கள் குவெரி செர்வரைக் கவிழ்த்துவிட்டது' என்று மின்னஞ்சல் வரும். எந்தக் குவெரி, எவ்வளவு நேரம், எந்த வரியில் என்று எதுவும் இருக்காது. அந்த மின்னஞ்சலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

எங்கள் இடத்தில் நிலைமையை மாற்றியது இரண்டு ஏற்பாடுகள். தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிட்டு, முழு அளவிலான நகல் ஒன்றைப் படிக்க மட்டும் எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். மெதுவான குவெரி பற்றி எழுதும்போது அதன் திட்டத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று தரவுத்தளக் குழு தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டது. மதிப்பீட்டையும் உண்மை எண்ணையும் ஒப்பிடக் கற்றுக்கொண்ட பிறகு, அனுப்பும் முன்பே நாங்களாகவே பார்த்துவிடுகிறோம்.

நீண்ட குவெரி என்பதற்காக மட்டும் யாரையும் குறை சொல்லாதீர்கள். இரண்டு பக்கக் குவெரி நான்கு விநாடியில் முடிவதையும், இரண்டு வரிக் குவெரி அரை மணி நேரம் இழுப்பதையும் இதே மேசையில் பார்க்கிறேன். தேவையற்ற புலங்களை எல்லாம் நட்சத்திரக் குறி போட்டு எடுப்பதையும், இணைப்பில் பதிவுகள் பெருகிவிட்டதை மறைக்க டிஸ்டிங்க்ட் (ஒரே மாதிரிப் பதிவுகளை நீக்கும் சொல்) போடுவதையும் மட்டும் கண்டால் தயங்காமல் கேளுங்கள். அந்த டிஸ்டிங்க்ட் பெரும்பாலும் இணைப்பு நிபந்தனை ஒன்று விடுபட்டிருப்பதன் அடையாளம்.


நகல்வட்டு எழுதியது:

ரிப்போர்ட்டுகளை ரெப்ளிகாவுக்கு (முதன்மைச் செர்வரின் மாற்றங்களைத் தொடர்ந்து பெறும் நகல் செர்வருக்கு) மாற்றிவிடுங்கள் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஒரு விவரம் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ரெப்ளிகாவில் நீண்ட குவெரி ஓடும்போது, அது படித்துக்கொண்டிருக்கும் பழைய பதிவுகளை முதன்மைச் செர்வரின் வேக்யூம் அகற்றினால் மோதல் வரும். இயல்பு அமைப்பில் ரெப்ளிகா 30 விநாடி வரை பொறுக்கும், அதற்குப் பிறகு குவெரியை ரத்து செய்துவிடும். ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக்கை (ரெப்ளிகாவுக்கு இன்னும் தேவைப்படும் பதிவுகளை முதன்மைச் செர்வருக்குத் தெரிவிக்கும் அமைப்பு) இயக்கினால் இந்த வகை ரத்து குறையும், ஆனால் பழைய பதிவுகள் முதன்மைச் செர்வரில் தேங்கும். மூன்று நிமிடக் குவெரியை முதலில் சரிசெய்யாமல் ரெப்ளிகாவுக்கு அனுப்பினால், மெதுவாக ஓடியது இப்போது பாதியில் நிற்கும்.

போஸ்ட்கிரெஸுக்குப் பதிலாக மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: ஸ்லோ குவெரி லாக் இயல்பாக அணைந்தே இருக்கும், லாங்_குவெரி_டைம் 10 விநாடி. இயக்கிவிட்டு வரம்பைக் குறைக்காவிட்டால் ஏறக்குறைய எதுவும் சிக்காது. எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் 8.0.18 முதல் உண்டு. தொலைபேசி எண்ணை எழுத்துப் புலத்தில் வைத்துவிட்டு, குவெரியில் மேற்கோள் குறி இல்லாமல் எண்ணாகக் கேட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த ஒப்பீட்டுக்கு இன்டெக்ஸைப் பயன்படுத்தவே முடியாது.


காலைப்பணி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரவு வேலையின் முடிவில் அனலைஸ் சேர்த்தோம். அதே ரிப்போர்ட் இப்போது ஹேஷ் ஜாயின் (ஓர் அட்டவணையை நினைவகத்தில் தேடுபட்டியலாக்கி மற்றதை ஒரே ஓட்டத்தில் பொருத்தும் முறை) வழியாகப் போகிறது. மூன்று நிமிடம் எடுத்தது கால் நிமிடத்துக்குள் முடிகிறது. குவெரியில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் சொன்னதுதான் எங்கள் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. மொத்த நேரப் பட்டியலில் முதலிடத்தில் எந்த ரிப்போர்ட்டும் இல்லை. செயலியின் முகப்புத் திரை, ஒவ்வோர் ஆர்டருக்கும் கடைசி நிலை மாற்றத்தைத் தனித்தனியாகக் கேட்கிறது. அந்த நிலை வரலாற்று அட்டவணையில் ஆர்டர் எண்ணுக்கு இன்டெக்ஸும் இல்லை. காலையில் எல்லா ஊழியர்களும் ஒரே நேரத்தில் முகப்புத் திரையைத் திறப்பதால் அந்த வேளையில்தான் நெரிசல். ரிப்போர்ட் குழுவிடம் இந்தப் பட்டியலை அப்படியே காட்டினேன். அவர்களும் தங்கள் பட்டியலிலிருந்து யாரும் படிக்காத இரண்டு ரிப்போர்ட்டுகளை நிறுத்திவிட்டார்கள்.

நிரலில் மாற்றம் வரச் சிறிது காலம் ஆகும். அதுவரை இன்டெக்ஸாவது கட்டலாம் என்று நினைக்கிறேன். அந்த அட்டவணையில் பகல் முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பகலில் கட்டலாமா?


வட்டுஓசை எழுதியது:

கட்டலாம், கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்தால். சாதாரணமாகக் கட்டினால், முடியும் வரை அந்த அட்டவணையில் யாரும் எழுத முடியாது. கன்கரன்ட்லி முறையில் எழுதுவது தடைபடாது. அட்டவணையை இரண்டு முறை படிப்பதால் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். ஆனாலும் காலை நெரிசல் தணிந்த பிறகு தொடங்குங்கள், வட்டுக்கு அது சுமைதான்.

பரிவர்த்தனைக்குள் வைத்து இதை ஓட்ட முடியாது. அட்டவணை மாற்றங்களை நிர்வகிக்கும் கருவிகள் பல எல்லாவற்றையும் பரிவர்த்தனைக்குள் சுற்றிவிடும், அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் அதை அணைக்க வேண்டும். தொடங்கும் முன் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் (இப்போதுள்ள இணைப்புகளின் பட்டியல்) நீண்ட நேரமாகத் திறந்திருக்கும் பரிவர்த்தனை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முடியும் வரை இன்டெக்ஸ் கட்டும் வேலை காத்துக்கொண்டே நிற்கும்.

ஆர்டர் எண், மாற்றம் நிகழ்ந்த நேரம் ஆகிய இரண்டையும் அதே வரிசையில் ஒரே இன்டெக்ஸில் வையுங்கள். கடைசி நிலையைக் கேட்பதால், அந்த ஆர்டரின் பகுதிக்குப் போய்ப் பின்முனையில் ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். ஆர்டர் எண்ணுக்கு மட்டும் வைத்தால் அந்த ஆர்டரின் எல்லா மாற்றங்களையும் எடுத்துப் பிறகு அடுக்க வேண்டியிருக்கும்.

பாதியில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று அப்படியே தங்கிவிடும். எந்தக் குவெரியும் அதைப் பயன்படுத்தாது, ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அதன் செலவை நீங்கள் சுமப்பீர்கள். முடிந்ததும் பிஜி_இன்டெக்ஸ் அட்டவணையில் இன்டிஸ்வேலிட் புலத்தைப் பாருங்கள். பொய் என்று இருந்தால் அந்த இன்டெக்ஸை நீக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள்.